காத்தாடி நின்ற ஆடி

உங்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் நான் 'காத்தாடி வீட்டுக்காரன்'தான். போன மாதம் நம்ம பள்ளிக்கூடச் செட்டில் ஒருத்தன் கல்யாணத்துக்கு அருப்புக்கோட்டையில் கூடினோமே, அப்போதும் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவன் என் இலைக்கு முன்னால் நின்று, "ஏலே காத்தாடி, இன்னும் சுத்துறியா?" என்றான். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெயர் வந்த கதை உங்களில் ஒருத்தருக்கும் முழுசாகத் தெரியாது. எங்கள் காத்தாடியில் சாமி இறங்கியதும், ஊரே திரண்டு வந்து தேங்காய் உடைத்ததும்தான் உங்களுக்குத் தெரியும். அது நாங்கள் தோற்றுக்கொண்டிருந்த நேரம். ஜெயித்தது அதற்குப் பிறகு. முப்பதை எட்டப் போகிறோம், காதோரம் ஒன்றிரண்டு வெள்ளையும் வந்துவிட்டது. இனியும் சொல்லாமல் வைத்திருந்து என்ன செய்ய?

நம் பக்கத்தில் காத்தாடி என்றால் ரெண்டு. கூரையில் மாட்டி, கரண்டில் சுத்துவதும் காத்தாடி. பனையோலையைக் கிழித்து நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, கண்மாய்க் கரையில் பிடித்துக்கொண்டு ஓடுவோமே, அதுவும் காத்தாடி. ஒன்று காத்தைப் போடும், இன்னொன்று காத்தை வாங்கும். ரெண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஒரு சொல் எங்கள் வீட்டை ஒரு ஆடி மாதம் முழுக்க ஆட்டி வைத்தது.

எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் கண்மாய். கண்மாய்க்குள் கரண்டுக் கம்பம் ஊன்றக்கூடாது, கரையைச் சுற்றிக்கொண்டு வந்தால் ஒரு வீட்டுக்காக அத்தனை கம்பம் கட்டுப்படியாகாது என்று சொல்லிச் சொல்லியே வருசங்கள் போயின. ஊரின் கடைசிக் கம்பத்தில் ஒரு ட்யூப்லைட் உண்டு. கண்மாய் நிறைந்திருக்கும் காலத்தில் அதன் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து, நீளமாக அசைந்து அசைந்து எங்கள் கரை வரைக்கும் வந்து நிற்கும். தண்ணீர் வற்றினால் அதுவும் கிடையாது. நம் ஊர்க் கண்மாய் எத்தனை மாதம் நிறைந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்பாவுக்குக் கரி மூட்டம் போடுகிற வேலை. சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, உள்ளே தீயை வைத்துக் கரியாக்கி லாரியில் ஏற்றிவிடுவார். கொஞ்சம் கரிசல் காடும் இருந்தது, மழை பெய்தால் அதில் வெள்ளாமை. அம்மா ஆடும் காடுமாகத் திரிவாள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் அக்கா, அடுத்தது நான். அந்த வருசம் அக்கா பத்தாவது, நான் ஆறாவது. சிம்னி விளக்கைச் சுற்றி ரெண்டு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு படிப்போம். காலையில் மூக்கைச் சிந்தினால் கருப்பாக வரும். அக்காவின் நோட்டுக்களில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும்.

ஆனி கடைசியில் பாளையம்பட்டியிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்கு அண்ணன். டவுனில் விசைத்தறி போட்டிருந்தார். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, நேராக விசயத்துக்கு வந்தார்.

"மாப்ள, பத்தாவது படிக்கிற புள்ளைய இப்பிடி சிம்னி வெளக்குல வெச்சிருந்தா அது எங்கிட்டுப் பாஸாகும்? என் வீட்டுக்கு அனுப்பி வையி. லைட்டு இருக்கு, காத்தாடி இருக்கு. பள்ளிக்கூடத்துல நான் பேசிட்டேன். ஒழிஞ்ச நேரத்துல அத்தைக்கு ரெண்டு தார் சுத்திக் குடுத்தாப் போதும்."

தார் சுத்துவது என்றால் தறிக்கு வேண்டிய நூலைச் சின்னச் சின்னக் கட்டையில் சுற்றி வைக்கிற வேலை. அன்றைக்கு என் காதில் விழுந்தது 'லைட்டு', 'காத்தாடி' இந்த ரெண்டும்தான். அந்தத் 'தார்' இப்போதுதான் கேட்கிறது. விசைத்தறி வீட்டில் ஒழிஞ்ச நேரம் என்று ஒன்று ஏது? மாமா கெட்டவர் இல்லை. நல்லது செய்கிறோம் என்றே நம்பினார். ஆனால் அக்கா போயிருந்தால் அந்த ட்யூப்லைட் வெளிச்சம் அவள் புத்தகத்தில் விழுந்திருக்காது, நூலில்தான் விழுந்திருக்கும்.

அப்பா ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் பாவாடையின் ஓரம் மட்டும் தெரிந்தது. அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"ஆடி பொறக்கப் போகுதுண்ணே. ஆடியில பொம்பளப் புள்ளைய வாசப்படி தாண்டி அனுப்ப மாட்டேன்."

"ஏத்தா, அது கட்டிக்குடுக்குற புள்ளைக்கு. இது பள்ளிக்கூடம் போற புள்ள."

"ஆடியில யாராச்சும் வீடு மாத்துவாகளாண்ணே? இதுவும் வீடு மாத்துறதுதானே?"

மாமா, "சரி, ஆவணி பொறந்த அன்னைக்கே வாரேன். துணிமணிய எடுத்து வையி" என்று எழுந்தார்.

அப்போதுதான் அப்பா குச்சியைக் கீழே போட்டார். "மச்சான், அதுக்குள்ள இந்த வீட்டுல லைட்டு எரிஞ்சா?"

மாமா வேட்டியைத் தட்டிக்கொண்டே சிரித்தார். "எதுல எரிப்ப மாப்ள? கரியிலயா? நீ எரிச்சுக் காட்டு, நான் வாயத் தொறக்காம சாப்பிட்டுப் போறேன்."

அவர் போனதும் அப்பா அம்மாவிடம் சள்ளென்று விழுந்தார். "புள்ளைக படிக்கிற வீட்டுல ஆடி கீடின்னு பேசிக்கிட்டு. நாலு பேர் கேட்டாச் சிரிக்க மாட்டாக?" எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அம்மா மோர்ச் செம்பைக் கழுவினாள்.

அப்பாவின் மனதில் இருந்தது என்ன என்று ரெண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கொஞ்ச நாள் முன்னால் திருநெல்வேலிப் பக்கம் கரி லோடோடு போனவர், கயத்தாறில் காற்றாலைகளைப் பார்த்திருக்கிறார். லாரி டிரைவரிடம், "அதென்னப்பா அம்புட்டுப் பெரிய காத்தாடி?" என்று கேட்டிருக்கிறார்.

"அது கரண்டுக் காத்தாடிண்ணே."

"கரண்டுல சுத்துதா?"

"இல்லண்ணே. அது சுத்துனா கரண்டு."

அதைக் கேட்டதிலிருந்து வீடு வந்து சேரும் வரைக்கும் அப்பா சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாராம். டிரைவர் பின்னால் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த லோடுக்கு வந்தபோது டிரைவர் பந்தல்குடி ஒர்க்ஷாப்பிலிருந்து ரெண்டு சாமான் கொண்டு வந்தார். ஒன்று, உடைத்துப்போட்ட ஒரு காரில் ரேடியேட்டரைக் குளிர வைத்துக்கொண்டிருந்த ஃபேனின் மோட்டார். இன்னொன்று, லாரியை இழுக்க மாட்டேன் என்றதால் கழற்றிய பேட்டரி. "லாரியத்தான் இழுக்காதுண்ணே. ஒத்த பல்ப இழுக்கும்" என்றார். பிறகு கேபின் பல்பு ஒன்றை மோட்டார் ஒயரில் கட்டி, மோட்டாரின் கம்பியில் பம்பரத்துக்குச் சுற்றுகிற மாதிரி கயிற்றைச் சுற்றினார். "பாத்துக்கங்க" என்று சொல்லிச் சரக்கென்று இழுத்தார். பல்பு ஒரு கணம் செக்கச் சிவந்து அணைந்தது.

பட்டப்பகல். வெயிலில் அது சரியாகத் தெரியக்கூட இல்லை. அம்மா முந்தானையை விரித்து நிழல் பிடித்தாள், நாங்கள் நாலு பேரும் தலையை உள்ளே விட்டோம், டிரைவர் மறுபடி இழுத்தார். எங்கள் வீட்டில் முதன்முதலில் எரிந்த கரண்டு லைட்டை அம்மாவின் முந்தானைக்குள் வைத்துத்தான் பார்த்தோம்.

இறக்கைக்கு என்ன செய்வது? முந்தின வருசம் அப்பா காட்டில் போர் போட்டிருந்தார். எவ்வளவு இறக்கியும் தண்ணீர் வரவில்லை, புழுதிதான் புகையாகக் கிளம்பி ஊர் வரைக்கும் போனது. பிடுங்கிப்போட்ட பிளாஸ்டிக் கேசிங் பைப் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதற்குள் ஒரு அணில் குடித்தனம் நடத்தியது. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அக்காதான் சொன்னாள். "அந்தக் கொழாய நீளவாக்குல அறுத்தா எறக்கை மாதிரி வளைஞ்சுதானப்பா வரும்?"

அப்பா அன்றைக்குத்தான் அந்தக் குழாயைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணி தராத கொழா கரண்டு தரப்போகுதாக்கும்" என்றார். அப்புறம் எழுந்துபோய் ரம்பத்தை எடுத்து வந்தார். அம்மா அணிலை அதன் பஞ்சோடும் நாரோடும் அள்ளி வேப்பமரப் பொந்தில் வைத்தாள். அக்கா கரித்துண்டால் கோடு போட, நானும் அவளும் மாற்றி மாற்றி அறுத்தோம். பிளாஸ்டிக் தூள் உடம்பெல்லாம் ஒட்டி, குளித்தாலும் போகாமல் அரித்தது.

சுத்துவதற்குச் சக்கரம் வேண்டும். அப்பாவின் பழைய சைக்கிளில்தான் நான் குரங்குப் பெடல் பழகிக்கொண்டிருந்தேன். அதன் பின்சக்கரத்தைக் கழற்றியபோது நான் அழவில்லை என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். அக்கா வேறு மாதிரி சொல்வாள். சக்கரத்தின் நடுவில் மூன்று இறக்கைகளையும் இரும்புத் தகட்டோடு முடுக்கி, டயர் இல்லாத விளிம்பில் ஒரு நாடாவைப் போட்டு மோட்டாரோடு இணைத்தோம். நூல் மில்லில் நூல் சுற்றுகிற கம்பிகளை, கதிர் என்பார்கள், சுத்த வைக்கிற நாடா அது. மில் கழிவு லோடில் கிடந்ததென்று டிரைவர் கொண்டுவந்தது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மோட்டார் பல சுற்றுச் சுற்றும். முதலில் வழுக்கியது. மாவு மில் பெல்ட்டுக்குப் போடுவார்களே, குங்கிலியம், அதைப் பொடித்துத் தூவினோம். பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு மேற்கே இடி விழுந்து தலை போன மொட்டைப் பனை ஒன்று நின்றது. கூரையைவிட ஒரு ஆள் உயரம் கூட இருக்கும். அதன் உச்சியில் அப்பா ஏறி, எல்லாவற்றையும் மேற்குப் பார்த்து முடுக்கி, மோட்டார் ஒயரைக் கீழே இறக்கிப் பேட்டரியில் மாட்டினார். ஆடிக் காத்து வேறு எந்தப் பக்கமிருந்து வரப்போகிறது?

இதற்குள் ஊருக்குள் விசயம் பரவிவிட்டது. டீக்கடையில் அப்பாவைப் பார்த்தால் ஒரே கேலி. "வாப்பா. கரண்டு வந்தாக் காத்தாடி சுத்தும், தெரியும். காத்தாடி சுத்துனாக் கரண்டு வருமாம்ல? அப்ப அடுப்புல சோத்தக் கொட்டுனா அரிசி வருமா?" அப்பா டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

ஆடி பிறந்தது. உங்களுக்கு நினைவிருக்குமே அந்தக் காத்து! மேற்கே இருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து, காயப்போட்ட துணியைக் கண்மாய்க்குள் எறிகிற காத்து. காத்தாடியைக் கட்டியிருந்த கயிற்றை அப்பா அவிழ்த்தார். இறக்கை தயங்கி, ஒரு அரைச் சுற்றுச் சுற்றி, பிறகு பிடித்ததே ஒரு ஓட்டம்! ஆடுகள் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. வானத்தில் யாரோ இடைவிடாமல் கோணியைக் கிழிப்பது போலச் சத்தம்.

சாயங்காலம் இருட்டினதும் பேட்டரியில் பல்பை மாட்டினோம். எரிந்தது. சிம்னி மாதிரி ஆடவில்லை, நடுங்கவில்லை. அசையாமல் எரிந்தது. அம்மா மாவுக் கையோடு உள்ளே ஓடி வந்தாள். எல்லாரும் பல்பைப் பார்த்தோம், அவள் மட்டும் சுவரைப் பார்த்தாள். "ஆத்தாடி, இம்புட்டுக் கரியாவா இருக்கு நம்ம வீடு?" என்றாள். இத்தனை வருசமும் விளக்கிலிருந்து ஏறிய புகையை அந்த வெளிச்சத்தில்தான் அவள் பார்த்தாள். மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சுண்ணாம்பு கரைத்தாள்.

இனி வருவதுதான் உங்களுக்குத் தெரிந்த கதை.

அடுத்த சாயங்காலம் காத்து சட்டென்று விழுந்தது. வேப்ப இலைகூட அசையவில்லை. ஆனால் காத்தாடி நிற்கவில்லை. வேகம் குறைந்ததே தவிர, சீராக, சாவதானமாகச் சுத்திக்கொண்டே இருந்தது. அப்பா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். விரலை நனைத்து மேலே நீட்டினார். "காத்தே இல்ல" என்றார். "காத்தே இல்லாமச் சுத்துதுடா!"

ஆடு பத்திக்கொண்டு போன ஒருத்தர் பார்த்தார். அடுத்த நாள் சாயங்காலம் பத்துப் பேர். அதற்கடுத்த நாள் டீக்கடையே கண்மாய்க்குள் இறங்கி வந்துவிட்டது. கேலி பேசியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஊர்ப் பூசாரி பனையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இடி எறங்குன பனை. ஆடி மாசம். இதுல யாரு இருக்காகன்னு தெரியாமலா ஏறுன நீயி?" என்று அப்பாவிடம் கேட்டார். பனைக்கு மஞ்சள் துணி கட்டப்பட்டது. தேங்காய் உடைந்தது. சூடம் ஏற்றினார்கள். அப்பாவின் கண்ணில் தண்ணீர். ஊர் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

ஆனால் வீட்டுக்குள்? பகலெல்லாம் காத்தில் சுத்திப் பேட்டரி நிறையும். சாயங்காலம் பல்பைப் போட்டால் கொஞ்ச நேரம் எரியும், பிறகு சிவக்கும், வெந்தும் வேகாத கரித்துண்டு மாதிரி கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். வெளியே சாமி சுத்திக்கொண்டிருக்கும், உள்ளே நாங்கள் சிம்னியைத் தேடுவோம். "பேட்டரிதான் நோஞ்சான்" என்றார் அப்பா. டிரைவர் வேறொரு பேட்டரி கொண்டு வந்தார். அதுவும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் நீங்கள் எல்லாரும் "சாமிக் காத்தாடி" என்று என்னைத் தோளில் தூக்காத குறை. எனக்குப் பெருமைதான். ஆனால் ஆடி பாதிக்கு மேல் போய்விட்டது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மா அக்காவின் பாவாடை தாவணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே திரும்பப் பிரித்து மடித்தாள்.

அன்று சாயங்காலம் நானும் அக்காவும் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தோம். காத்து விழுந்திருந்தது. பனைக்கு அந்தப் பக்கம் வழக்கம்போலக் கூட்டம். தூரத்தில் அப்பா புதிதாகப் போட்ட மூட்டம் புகைந்தது.

"ஏலே, அந்தப் பொகையப் பாரு" என்றாள் அக்கா.

"பாத்தேன்."

"எப்பிடி நிக்குது?"

"கம்பு நட்ட மாதிரி நிக்குது."

"காத்தாடி?"

"சுத்துது. சாமி சுத்துது."

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். சடையிலிருந்து ஒரு ரிப்பனை உருவி, கருவேல நெற்றுப் பறிக்கிற தொரட்டிக் கம்பின் நுனியில் கட்டினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் இறக்கைக்கு முன்னால் மேற்குப் பக்கம் நீட்டினாள். ரிப்பன் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். சுற்றிவந்து பின்பக்கம் நீட்டினாள். ரிப்பன் படபடவென்று அடித்துக்கொண்டது.

அக்கா தொரட்டியை இறக்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இது காத்து வாங்கலடா" என்றாள். "காத்துப் போடுது."

எனக்குப் புரியவில்லை. அவள் என் காதோடு சொன்னாள். "காத்து நின்னதும் பேட்டரியில இருக்குற கரண்டு திரும்பி மோட்டாருக்குள்ள போகுது. கரண்டு போனா மோட்டாரு சுத்தாம என்ன செய்யும்? கரண்டுக் காத்தாடி, வீட்டுக் காத்தாடி ஆயிருச்சு. நாம இம்புட்டு நாளும் கண்மாய்க்கு ஃபேன் போட்டுக்கிட்டு இருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும். ஆட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு நின்றது. அப்பா சூடத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

அக்கா சொல்லவில்லை, செய்தாள். நேரே பேட்டரியிடம் போய் ஒயரைக் கழற்றினாள். காத்தாடி தள்ளாடி, ரெண்டு சுற்றுச் சுற்றி, நின்றது.

கூட்டத்தில் ஒரு பொம்பளை "ஐயோ" என்று அலறினாள். பூசாரி ஓடி வந்தார். "அடியே, சாமிய எறக்கிட்டியே!"

அக்கா ஒயரை மறுபடி மாட்டினாள். காத்தாடி சுத்தியது.

"இந்தா, ஏத்திட்டேன் தாத்தா."

இன்னொரு தரம் கழற்றினாள். நின்றது. மாட்டினாள். சுத்தியது. பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு சின்னப் பயல், "அக்கா, இன்னொருக்கா எறக்குக்கா!" என்று கத்தினான். அவ்வளவுதான், ஊர் சிரிக்க ஆரம்பித்தது. பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு, "படிச்ச வீட்டுல சாமிக்கே வேலையில்ல" என்று முனகிக்கொண்டு போனார்.

அப்பா சிரிக்கவில்லை. பேட்டரிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். "அப்ப நாள் பூராம் எறைச்ச தண்ணிய பொழுது சாய்ஞ்சதும் திருப்பிக் கெணத்துக்குள்ளயே விட்டுருக்கமா?"

"ஆமாப்பா."

"ஃபுட்வால்வு போடாம மோட்டார் ஓட்டியிருக்கம்."

கிணற்று மோட்டாரின் குழாய் அடியில் போடுவார்களே, ஏறின தண்ணீர் இறங்கிப் போகாமல் மூடிக்கொள்ளுமே, அந்த வால்வு. அக்கா துள்ளி எழுந்தாள். "அப்பா, கரண்டுக்கும் அப்பிடி ஒண்ணு இருக்குப்பா. புத்தகத்துல படம் போட்டுருக்கு. ஒரு பக்கம் விடும், திரும்ப விடாது."

மறுநாள் நானும் அவளும் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கிற கடை ஒன்று. பெயர் டயோடு என்று பஸ் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டே வந்தவள், கடைக்காரர் "என்ன பாப்பா வேணும்?" என்று நிமிர்ந்ததும் பதறி, "கரண்டுக்கு ஃபுட்வால்வு வேணும்ண்ணே" என்றாள்.

அவர் கையிலிருந்த, ஈயம் பத்தவைக்கிற சூட்டுக்கோலை அப்படியே பிடித்தபடி எங்களைப் பார்த்தார். "கரண்டுக்கு என்னது?" அக்கா முழுக் கதையையும் சொன்னாள். சாமி வந்த இடத்தில் அவர் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு டப்பாவைக் கிளறி, கொண்டைக்கடலை தண்டிக்குக் கருப்பாக ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இந்த வெள்ளிக்கோடு இருக்குற பக்கம் பேட்டரிக்கு. மாத்திப் போட்டுராத. இனி எவனும் எங்கிட்ட டயோடு கேட்டாலும் நான் ஃபுட்வால்வுன்னுதான் சொல்லப் போறேன்."

அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து காத்து விழுவதற்காகக் காத்திருந்தோம். ஆடிக் காத்து எப்போது ஓயும் என்று ஏங்கியது அன்று ஒருநாள்தான். வேப்பமரம் அடங்கியது. மூட்டத்துப் புகை வளைந்திருந்தது நிமிர்ந்தது. காத்தாடி தளர்ந்தது, தளர்ந்தது, ஒரு இறக்கை மேலே பார்த்தபடி நின்றுவிட்டது.

நாங்கள் கைதட்டினோம். காத்தாடி நின்றதற்குக் கைதட்டிய குடும்பம் இந்த உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். உள்ளே பல்பு எரிந்தது. நாங்கள் சாப்பிட்டு, படித்து, அக்கா கணக்குப் போட்டு முடித்து, போதும் என்று நாங்களாகவே அணைக்கிற வரைக்கும் எரிந்தது. ஊரில் சாமி போய்விட்டது என்று பேச்சு. ஒருத்தரும் வரவில்லை. மிச்சமிருந்த ஆடி முழுக்க எங்களுக்கே எங்களுக்காக அடித்தது.

ஆவணி பிறந்தது. அன்றைக்குப் பார்த்துக் காத்துச் சுத்தமாக இல்லை. மேகம் மூடிப் புழுக்கம். மாமா பொழுது சாயும் நேரத்தில் கண்மாய்க் கரையில் வந்தார். கையில் அக்காவின் துணிக்காக ஒரு பெரிய பை, காலியாக. பனைக்கு அடியில் நின்று மேலே பார்த்தார்.

"என்ன மாப்ள, ஊரு பூராம் பேச்சாக் கெடந்துச்சே. நிக்குது? சாமி லீவா?"

அப்பா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அம்மாதான், "உள்ள வாங்கண்ணே, வெளக்கு வைக்கிற நேரம்" என்றாள்.

மாமா குனிந்து உள்ளே வந்தார். இருட்டு. "அதானே பாத்தேன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், அக்கா பல்பின் ஒயரை முறுக்கினாள்.

சுண்ணாம்பு அடித்த நாலு சுவரும் ஒரே சமயத்தில் பளீரென்று வந்து நின்றன. மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டார். பல்பைப் பார்த்தார். வாசலுக்குப் போய்க் காத்தாடியைப் பார்த்தார். நின்றது. திரும்பி வந்து பல்பைப் பார்த்தார். எரிந்தது. மறுபடியும் வாசலுக்குப் போனார்.

"அதுதான் நிக்குதே. பெறகு எங்கிட்டிருந்துடா வருது இது?"

"ஆடியில இருந்து, மாமா" என்றேன் நான்.

யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் இல்லை. வாயில் வந்தது. அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. இந்த வருசம்தான் அவளிடம் கேட்டேன். "ஆடியில அனுப்ப மாட்டேன்னு நீ சொன்னப்பவே, அந்தக் காத்து நெனப்புலதான் சொன்னியாம்மா?" அவள் சிரித்தாள். "காத்தாடியும் இல்ல, கீத்தாடியும் இல்ல. இன்னும் ஒரு மாசம் என் புள்ள என்கூடக் கெடக்கட்டும்னுதான்." அவள் சாத்திரம் பேசுகிறாள் என்று அன்றைக்கு அப்பாவும் நானும் தலையைக் குனிந்தோம். அவள் ஒரு மாதத்தை வாங்கித் தந்திருந்தாள். அது காத்தடிக்கிற மாதமாக அமைந்தது.

மாமா சொன்ன சொல் தவறாதவர். உண்மையாகவே வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். ரசம் வேண்டுமென்றால் கையைக் காட்டினார், போதுமென்றால் இலையை மறைத்தார். அக்கா பக்கத்தில் குனிந்து பரிமாறிக்கொண்டே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கை கழுவிவிட்டு வந்தவர், சட்டைப்பையைத் தடவி, செல்லை எடுத்து, அதைப் பார்த்து, பல்பைப் பார்த்து, கடைசியில் தோற்றார்.

"மாப்ள, செல்லுக்கு ஏறுமா இதுல?"

டிரைவர் கொடுத்திருந்த லாரிச் சார்ஜரை அப்பா மாட்டிவிட்டார். அது நிறைந்தால்தான் கிளம்புவேன் என்று மாமா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கடைசி பஸ் போய்விட்டது. இங்கேயே படுத்தார்.

காலையில் நல்ல காத்து. காத்தாடி கோணி கிழிக்க ஆரம்பித்திருந்தது. கொண்டுவந்த பை காலியாகத் திரும்பக் கூடாது என்று அம்மா அதை நிறையச் சீனியவரங்காயாலும் வெள்ளரிப் பிஞ்சாலும் அடைத்தாள். அக்கா பள்ளிக்கூடச் சீருடையில் அதைத் தூக்கிக்கொண்டு மாமாவோடு ரோட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். பஸ் வந்தது. மாமா ஏறி சன்னலோரம் உட்கார, அக்காவும் பையோடு படியில் ஏறினாள். நான் பஸ் படி வரைக்கும் ஓடினேன். அவள் பையை மாமாவின் மடியில் வைத்தாள். மாமா அவள் தலையில் கையை வைத்து ஏதோ சொன்னார்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "என்ன பாப்பா, வாரியா, எறங்குறியா?" என்றார்.

"எறங்குறேண்ணே" என்றாள் அக்கா.